அரைப்பேரும் முழு ஜெபமும்

ஏழைகளுக்கான கிறிஸ்தவ மன்றாட்டு குறித்துச் சில சிந்தனைகள்

(அக்கரப்பத்தனையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



அறக்கட்டளைச் சொற்பொழிவென்றால் கொழும்பிலோ பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ நடப்பதுதான் வழமை. இதை அக்கரப்பத்தனையில்தான் நடத்துவோம் என்று ஏற்பாட்டாளர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு முதலில் நன்றி சொல்கிறேன். கிறிஸ்தவ ஜெபத்தையும் ஏழைகள் மீதான அக்கறையையும் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நகரத்தில் இந்தத் தலைப்பில் பேசினால் ஏழைகள் மண்டபத்துக்கு வெளியே இருப்பார்கள். பேசுகிறவருக்கு அது வசதி. டயகம, ஹோல்புரூக், டொரிங்டன், வேவர்லி, அல்பியன் தோட்டங்களுக்கு நடுவில் நின்று பேசும்போது அந்த வசதி எனக்குக் கிடையாது. நான் யாரைப் பற்றிப் பேசுகிறேனோ அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து நான் சொல்வது சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்ல வந்த கருத்து ஒன்றே. ஏழைகளுக்காக ஜெபிக்கும்போது கடவுளிடம் நாம் கேட்பவற்றில் பெரும்பங்கு, மனிதர் மனிதருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பவை. கூலி, காணி, வீடு, மருந்து, பிள்ளையின் படிப்பு இவற்றில் எதுவும் வனாந்தரத்து மன்னாவைப் போல வானத்திலிருந்து இறங்க வேண்டியதில்லை. எல்லாமே யாரோ ஒருவருடைய கையில் தங்கி நிற்கும் பாக்கி. ஆகவே ஏழைக்கான ஜெபம் பாக்கியை அறிக்கையிடுவதில் தொடங்க வேண்டும். கருணை அதன் பிறகு வரட்டும். இதை ஆறு பகுதிகளாக விரிக்கிறேன்.

1. கணக்கோடு கேட்கும் கடவுள்

நமது ஞாயிறு ஆராதனைகளில் ஏழைகளுக்கென்று ஓர் இடம் உண்டு. ஏழைகள், எளியவர்கள், நோயாளிகள், விதவைகள், அநாதைகள் என்று ஒரே மூச்சில் சொல்லி, உலகத்துத் துன்பத்தையெல்லாம் அரை நிமிடத்துக்குள் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த மன்றாட்டில் பொய் இல்லை. ஆனால் அதில் ஒரு முகமும் தெரிவதில்லை.

வேதாகமம் இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதில்லை. யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை இந்தப் பள்ளத்தாக்கில் வாசித்தால் விளக்கவுரையே வேண்டாம். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளுக்கு அதுவரை வைக்கோல் கொடுக்கப்பட்டு வந்தது. பார்வோன் அதை நிறுத்தினான். நாளொன்றுக்கு இத்தனை செங்கல் என்ற கணக்கை மட்டும் குறைக்கவில்லை. கணக்கு வராதபோது, அந்த ஜனத்திலிருந்தே நியமிக்கப்பட்ட மேற்பார்வைக்காரர்கள் அடிவாங்கினார்கள். கவ்வாத்தும் உரமும் நேரத்துக்கு நடக்காத மலையில், புல் மண்டிய நிரையில் நின்று, குறையாத கிலோக் கணக்குக்குக் கொழுந்து எடுத்தவர்களுக்கு இதில் எந்த வரி புரியாது? கடவுளுக்கு எட்டிய கூக்குரலில் வைக்கோலும் இருந்தது, செங்கல் எண்ணிக்கையும் இருந்தது. அந்த மேற்பார்வைக்காரர்கள் பார்வோனிடம் போய் முறையிட்டதும் அந்த விவரத்தோடுதான்.

நமது மன்றாட்டுக்கும் விவரம் வேண்டும். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வின்படி நாட்டில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 14.3 வீதம், தோட்டத் துறையில் மட்டும் 33.8 வீதம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். புள்ளிவிவரத் திணைக்களத்தின் அட்டவணையை ஜெபமேடைக்குக் கொண்டுவருவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எண்ணாகமம் என்று ஒரு புத்தகத்தை வேதத்துக்குள் வைத்திருக்கும் நாம் எண்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

எண்களுக்குள் ஆட்களும் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்த மலைகளில் லட்சக்கணக்கானோரின் பேர் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் இருந்தது, வாக்காளர் இடாப்பில் இல்லை. உழைப்புக்கு ஆள் கணக்கு வைத்த நாடு, உரிமைக்கு ஆள் கணக்கு வைக்கவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று ஒதுக்கிவைத்தது. நாடற்றவர் என்ற நிலை சட்டத்தளவில் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனித்தனி ஆளாக யாரும் பார்க்காத மக்களுக்காக ஜெபிக்கிறவர், ஆளைப் பார்த்து ஜெபிக்கப் பழக வேண்டும்.

2. திராட்சத் தோட்டத்துச் சம்பளம்

மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமை ஒரு தோட்டத்தில் நடக்கிறது. தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய், நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆள் பிடிக்கிறார். அது அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடுவதற்கான கூலி. ஒன்பது மணிக்கு மறுபடி போகிறார். நண்பகலில், பிற்பகல் மூன்று மணிக்கு, கடைசியாக ஐந்து மணிக்கும் போகிறார். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்கிறார். எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். மாலையில் கங்காணியைக் கூப்பிட்டு, கடைசியில் வந்தவரிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறார்.

ஐரோப்பியப் பிரசங்க மரபில் இந்த உவமைக்குப் பெரும்பாலும் ஆத்துமார்த்தமான பொருளே சொல்லப்பட்டது: காலந்தாழ்த்தி மனந்திரும்பியவனுக்கும் பரலோகம் உண்டு. அந்தப் பொருளை நான் மறுக்கவில்லை. பேர், அரைப்பேர் என்ற முறைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு பொருள் முன்னால் வந்து நிற்கும். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து இருந்தால் அன்றைக்குப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். நிறை வராவிட்டால் அரைப்பேர். மழை கொட்டினாலும், வெயிலில் கொழுந்து அரும்பாமல் கிடந்தாலும், கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கப் புள்ளைக்காம்பராவுக்குப் போய்த் திரும்பியிருந்தாலும் தராசு அதைக் கேட்பதில்லை. அரைப்பேர் விழுந்த நாளில் வீட்டில் அரை வயிறு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல முடியாது. பசி எப்போதும் முழுப்பேர்தான் கேட்கும்.

உவமையின் தோட்டக்காரர் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார். கூலியை அவர் ஆள் நின்ற மணித்தியாலத்தால் அளக்கவில்லை. அந்த ஆளின் வீட்டில் எரிய வேண்டிய அடுப்பால் அளக்கிறார். காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்குப் பேசியதில் ஒரு காசும் குறையவில்லை. அவர்களை உறுத்தியது, கடைசியில் வந்தவன் தங்களுக்குச் சமமாக்கப்பட்டதுதான்.

இந்த முணுமுணுப்பை நமது நாட்டுப் பத்திரிகைகளில் வருடக்கணக்காக வாசித்திருக்கிறோம். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கைக்கு, தொழில் தாங்காது, உற்பத்தித்திறன் போதாது என்ற பதில்கள் வந்துகொண்டே இருந்தன. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவில் நின்றது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக வர்த்தமானி வந்த பிறகே ஆயிரம் எட்டியது. 2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி அரிசி, மா, மண்ணெண்ணெய் விலைகளை எங்கே கொண்டுபோய் வைத்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலின் வரவுசெலவு உண்மையான கேள்விதான். அதை மறைக்க வேண்டாம். உவமை நம்மிடம் கேட்பது கணக்கின் வரிசையை. எந்தக் கணக்கை முதலில் எழுதுகிறோம்? வீட்டின் ஒரு நாள் செலவையா, கம்பனியின் இலாபநட்டத்தையா? எதை முதலில் எழுதுகிறோமோ அதற்கேற்பவே மற்றது சுருக்கப்படும். ஏழைக்காக ஜெபிக்கிறவர் கடவுளின் முன்னால் இந்த வரிசையைத்தான் திருத்திக்கொள்கிறார்.

3. பாக்கி முதலில், ஈகை பிறகு

லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம், வயலின் ஓரங்களை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே என்று நிலக்காரருக்குக் கட்டளையிடுகிறது. அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. மோவாபிலிருந்து வந்த ரூத் என்ற விதவை போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இந்தச் சட்டத்தின் பலத்தில். போவாஸ் அன்பானவர், உண்மை. ஆனால் ரூத் அந்த வயலுக்குள் நுழைந்தது அவருடைய அன்பை நம்பி மட்டும் இல்லை, தனக்கென்று எழுதிவைத்த உரிமையை நம்பியும்தான். அவருடைய அன்பு அந்த உரிமைக்கு மேலே வந்தது. இந்த வரிசை முக்கியம்.

வரிசை தவறினால் ஈகை கெட்டுப்போகும். யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், உடையும் உணவும் இல்லாதவரிடம் சமாதானமாய்ப் போங்கள் என்று வாயால் வாழ்த்தி அனுப்புவதைக் கண்டிக்கிறது. இது பிரசங்கங்களில் அடிக்கடி வரும். அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் அவ்வளவாக வருவதில்லை. அறுவடை செய்தவரின் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்கு எட்டியிருக்கிறது என்கிறது அது. அங்கே ஜெபம் செய்வது கூலிதான். நாம் வாய்திறந்து ஜெபிக்கத் தொடங்குமுன்பே அந்த ஜெபம் மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம், மத்தேயு சுவிசேஷத்தின் மீதான தமது பிரசங்கங்களில், ஆலயத்துக்குள் கிறிஸ்துவைப் பட்டால் அலங்கரித்துவிட்டு வெளியே குளிரில் அவரை ஆடையின்றி விடுவதைக் கடுமையாகச் சாடினார். அவருக்குச் சற்று முந்திய பசிலியார், செசரியாவில் நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லமொன்றை எழுப்பினார். இந்த இருவருக்கும் ஆராதனை வேறு, அக்கறை வேறு என்ற பிரிவே கிடையாது.

நமது மலையகத் திருச்சபையின் வரலாற்றை இந்த வெளிச்சத்தில் நேராகப் பார்க்க வேண்டும். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அன்று கோப்பித் தோட்டக் காலம். தோட்டத் துரைமாரின் ஆதரவும் பணமும் அதற்கு இருந்தன. ஊழியத்துக்குத் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அவர்கள் எழுத்தறிவித்தார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள், தாய்மொழியில் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் துரையின் பணத்தில் நடக்கும் மிஷன் துரையின் செக்ரோலைப் பற்றி எவ்வளவு தூரம் வாய்திறக்க முடியும்? ஆளை ஊரிலிருந்து கொண்டுவந்த செலவு முற்பணமாகி, முற்பணம் கடனாகி, கடன் துண்டாகி, துண்டில் எழுதிய தொகையைத் தீர்க்காமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதபடி மனிதர் கட்டப்பட்டிருந்தார்கள். லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்து யூபிலி ஆண்டைப் பிரசங்கிக்க இதைவிடப் பொருத்தமான சபை உலகில் எங்கே இருந்திருக்கும்? துண்டு முறை 1921இல் ஒழிந்தது. ஒரு கட்டளைச்சட்டம் அதை ஒழித்தது. ஜெபித்தவர்களும் இருந்திருப்பார்கள், பாக்கியை வாய்விட்டு எண்ணிய ஜெபங்கள் எத்தனை இருந்தன என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியைக் காணிக்கைக்கும் நீட்டலாம். விதவையின் இரண்டு காசைப் பற்றி எல்லாச் சபைகளிலும் பிரசங்கம் உண்டு. மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்தக் காட்சிக்கு மேலே இருக்கும் வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குவோரை இயேசு அங்கே கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் ஒரு விதவை தன்னிடமிருந்த எல்லாவற்றையும் பெட்டியில் போடுகிறாள். அவளுடைய மனதை அவர் மெச்சினார். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டை மெச்சவில்லை. நீண்ட ஜெபமும் விழுங்கிய வீடும் ஒரே வசனத்தில் இருக்கின்றன என்பதைச் சபைத் தலைவர்கள் மறக்கக் கூடாது.

4. கூட நடந்தவர்கள்

பாக்கியைச் சொல்லும் ஜெபம் சொல்கிறவரையும் இடம்பெயர்க்கும். இந்தத் தீவில் அப்படி இடம்பெயர்ந்தவர்கள் உண்டு.

கோவாவைச் சேர்ந்த புனித யோசப் வாஸ் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருவாக வெளிப்பட முடியாத காலம். கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை பரவியது. நோயாளிகளை உறவினரே கைவிட்டு ஓடினார்கள். வாசும் உடனிருந்த குருவும் சாதி, சமயம் பாராமல் அவர்களைக் கழுவி, சோறூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஏழையின் உடையில் வந்தவர் ஏழையின் படுக்கையருகே தங்கினார் என்பதை அந்தப் புனிதத்தின் சுருக்கமாகக் கொள்ளலாம்.

1972இல் பதுளை தனி மறைமாவட்டமானது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, பழைய, வசதியான மறைமாவட்டத்தை விட்டு, புதிய, வசதி குறைந்த பதுளைக்கு விரும்பிப் போனார். அதே ஆண்டில் இயேசுசபைக் குருவான போல் கஸ்பெர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், வெவ்வேறு சமயத்தவரும் சேர்ந்து வேலை செய்த இடம் அது. 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சம் தோட்டங்களைத் தின்ற காலமும் அதுதான். தோட்ட மக்களின் நிலையை நாட்டின் மனச்சாட்சிக்கு முன் கொண்டுவரும் வேலையில் 2017இல் இறக்கும்வரை அவர் ஓயவில்லை.

இவர்களின் காலத்துச் சிந்தனையாளர் அலோய்சியஸ் பீரிஸ் வறுமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று திணிக்கப்பட்ட வறுமை; அது பாவத்தின் விளைவு, அதை எதிர்க்க வேண்டும். மற்றது விரும்பி ஏற்ற எளிமை, அது சீடத்துவம். முதலாவதை எதிர்ப்பதற்காகவே இரண்டாவதை ஏற்க வேண்டும் என்பது அவருடைய வாதம். துறவின் பெருமையைப் பௌத்தமும் சைவமும் நெடுங்காலமாகப் போற்றிவரும் மண்ணில் இது அந்நியமான பேச்சாக ஒலிக்கவில்லை. இரண்டையும் குழப்புவதே நமது சபைகளின் நோய். திணிக்கப்பட்ட வறுமையில் இருப்பவரிடம் போய்ப் பொறுமையைப் புண்ணியமாகப் பிரசங்கிக்கிறோம். விரும்பி எளிமையை ஏற்க வேண்டியவர்களிடம் அதைப் பேசுவதில்லை.

அண்மைய நிகழ்வு ஒன்று. மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டு நிறைவதை முன்னிட்டு 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தை நீங்கள் அறிவீர்கள். உங்களில் சிலர் நடந்தும் இருப்பீர்கள். இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் பல சிவில் அமைப்புகளும் அதை முன்னெடுத்தன. முன்னோர் காட்டுவழியே நடந்து, கொள்ளை நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்த பாதை அது. அதில் நடந்தவர்கள் இறந்தோரை நினைவுகூர்ந்தார்கள். அதே வாயால் காணி உரிமையையும் நியாயமான சம்பளத்தையும் சம குடியுரிமையையும் கேட்டார்கள். நினைவுகூரல், முறையீடு, வேண்டுதல் மூன்றும் ஒரே பாதையில் நடந்தன. சங்கீதப் புத்தகத்திலும் இவை மூன்றும் இப்படித்தான் கலந்து கிடக்கின்றன.

5. எதிரே வரும் மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே. ஆம். அவர் எடுத்தாண்டது உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தை. அந்த இடத்தை எடுத்துப் பாருங்கள். ஏழைகள் தேசத்தில் ஒழியமாட்டார்கள் என்று சொன்ன கையோடு, ஆகவே உன் கையைத் தாராளமாய்த் திற என்று அது கட்டளையிடுகிறது. அதற்குச் சில வசனங்களுக்கு முன், கட்டளைகளைக் கைக்கொண்டால் உங்களுக்குள் ஏழையே இருக்கமாட்டான் என்றும் சொல்கிறது. கட்டளையின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியை விடுவது வசதியானவர்களின் வேதவாசிப்பு.

இரண்டாவது மறுப்பு: இது அரசியல்; சபை ஆத்துமாவைப் பார்க்கட்டும். ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரத்து மக்கள் பக்தியில் குறைந்தவர்களே இல்லை. உபவாசித்தார்கள், தலைகுனிந்தார்கள், கடவுள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார்கள். உபவாச நாளிலும் வேலையாட்களை நீங்கள் ஒடுக்குகிறீர்கள் என்று பதில் வந்தது. உபவாசம் பலிக்காத காரணத்தைத் தீர்க்கதரிசி தொழிலுறவில் தேடினார். அவரை அரசியல்வாதி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கட்சிக்கோ சங்கத்துக்கோ வாக்குக் கேட்கும் மேடையாக ஆலயம் மாறக்கூடாது என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வேலையாளின் கூலியைப் பற்றி வாய்திறக்காத மேடையாகவும் அது மாறக்கூடாது.

மூன்றாவது மறுப்பு நமது அயலாரிடமிருந்து வருகிறது. அதையே நான் மிகக் கவனமாக எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்தவர்களின் உதவி மதம் மாற்றுவதற்கான தூண்டில் என்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான இந்த லயங்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் மாரியம்மன் படம், அடுத்த காம்பராவில் வேளாங்கண்ணி மாதா. கூரை ஒழுகினால் இரண்டு காம்பராவிலும் ஒழுகும். உதவியை விசுவாசத்துக்கு விலையாக வைப்பவர் ஏழையின் பாக்கியைத் தம் சொந்தப் பணமாகக் காட்டுகிறார். அது கள்ளக் கணக்கு. மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் பசித்தவருக்கு உணவிட்டவர்கள், ஆண்டவரே எப்போது உம்மைக் கண்டோம் என்று வியப்போடு கேட்கிறார்கள். தாங்கள் கிறிஸ்துவுக்குச் செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் செய்தது அங்கே குறையாக எண்ணப்படவில்லை.

6. இனி எப்படி ஜெபிப்பது

ஜெபமே வேண்டாம், போராட்டம் போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாக்கியைக் கேட்கும் போராட்டத்தில் ஜெபத்துக்கு ஒரு தனி வேலை உண்டு. கேட்கிறவரையே கேள்விக்குள் நிறுத்துவது அது. கம்பனியின் கணக்கைக் கேட்கும் சபை, தன் கோவிற்பிள்ளைக்கும் சமையற்காரிக்கும் என்ன சம்பளம் கொடுக்கிறது, சேமலாப நிதி கட்டுகிறதா என்று தன்னையும் கேட்க வேண்டும். தொழிற்சங்கக் கூட்டத்தில் எதிர்த்தரப்பின் பாக்கியைப் பேசலாம். முழங்காலில் நிற்கும்போது சொந்தப் பாக்கியையும் பேசித்தான் ஆக வேண்டும்.

மூன்று யோசனைகளைச் சபைகளின் முன் வைக்கிறேன்.

முதலாவது, சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிற்றின் மன்றாட்டைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் எழுதட்டும். குருவானவர் திருத்தாமல் வாசிக்கட்டும். திருநெல்வேலிச் சபைகளில் பெண்கள் அன்றாடம் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தது. பிடியரிசி என்பார்கள். ஏழைகள் மற்ற ஏழைகளைத் தாங்கிய வரலாறு அது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் எல்லா வீடும் கைகொடுப்பதும் அந்த மரபுதான். தாங்குவதற்கு முதலில் வரும் இவர்கள் மன்றாடுவதற்கு மட்டும் ஏன் கடைசியில் நிற்க வேண்டும்?

இரண்டாவது, ஆபத்து வருமுன் ஜெபிப்போம். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. நாடெங்குமிருந்து உணவும் உடையும் வந்து குவிந்தன. எல்லாச் சமயத்தாரும் ஜெபித்தார்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்குக் காணி இருக்கவில்லை. மண்சரிவு அபாய எச்சரிக்கை எந்த லயத்துக்கு வந்திருக்கிறதோ, அந்த லயத்தின் பேரைச் சொல்லி, காணி கிடைக்கும்வரை ஒவ்வொரு வாரமும் ஆலயத்தில் மன்றாடுங்கள். பிரதேச செயலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அந்த மன்றாட்டின் பிரதியை அனுப்புங்கள்.

மூன்றாவது, வெளியே போன பிள்ளைகள். 2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்த பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். அந்தச் செய்தி நாட்டை உலுக்கியது; பிறகு நாடு அதை மறந்தது. இந்தப் பள்ளத்தாக்கின் சபைகள் மறக்கக் கூடாது. பாடசாலைக்கு வராமல் நின்றுபோன பிள்ளை எங்கே என்று இரண்டாம் வாரமே வீட்டுக்குப் போய்க் கேட்கும் ஓர் ஆளை ஒவ்வொரு சபையும் நியமிக்கட்டும். ஞாயிறு மன்றாட்டில் அந்தப் பிள்ளையின் பேர் வரட்டும்.

இத்தகைய மன்றாட்டு எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். மாதிரிக்கு ஒன்றை எழுதி வந்திருக்கிறேன்.

ஆண்டவரே, இந்த மாதம் எங்கள் மலையில் அரைப்பேர் விழுந்தவர்களை உம்முன் நிறுத்துகிறோம். தராசில் கழிந்த ஒவ்வொரு கிலோவும் உமக்குத் தெரியும். தராசு பிடிப்பவரின் கையை நேராக்கும். கணக்கு எழுதுபவருக்கு உமது பயத்தைத் தாரும். சம்பளத்தைத் தீர்மானிக்கும் மேசையில் உட்காருவோர் எங்கள் அடுப்பையும் நினைக்கச் செய்யும். ஒழுகும் கூரைக்கும் சரியும் மண்ணுக்கும் நடுவே தூங்கும் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களுக்கு உரிய காணியைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கட்டும். பொறுத்துப் போவதையே பக்தி என்று போதித்த எங்கள் சபைகளை மன்னியும். எங்களுக்குக் கீழே வேலை செய்வோருக்கு நாங்கள் வைத்திருக்கும் பாக்கியை எங்களுக்கு உணர்த்தும். ஆமென்.

இதில் கடவுளிடம் கேட்டவை சில. மனிதரிடம் கேட்டவை பல. நமக்கு நாமே சுமத்திக்கொண்டவையும் உண்டு. ஜெபித்து முடித்து ஆலயத்தை விட்டு வெளியே வரும்போது யாரிடம் போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஜெபித்தவரின் கையில் இருக்கும். ஒரு மன்றாட்டு முழுமையாயிற்றா என்று அறிய நான் வைக்கும் சோதனை அதுதான். அடுத்த சம்பளத்துக்குப் பின் வரும் ஞாயிற்றில் உங்கள் ஆலயங்களில் இதைச் செய்து பாருங்கள். மாதிரியில் விட்டுப்போனவற்றை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அவற்றைச் சேர்த்து எழுதுங்கள்.